கேட்கிறதா, என்ன கேட்கிறது: இசைக்கலைஞர் படங்களில் மனக்குலைவு

வாசகர் கேள்வி
13 ஜூன் 2025, காலை 8.15

அமெரிக்காவின் பீச் பாய்ஸ் இசைக்குழுவுக்குப் பாட்டுகள் அமைத்த பிரையன் வில்சன் மறைந்த செய்தியைப் படித்ததிலிருந்து இசைக்கலைஞர்களின் வாழ்க்கைப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். மனம் குலையும் கட்டம் வந்தால் எல்லோரும் ஒரே சமையலைத்தான் செய்கிறார்கள். கேமரா ஆடுகிறது, கண்ணாடி உடைகிறது, மழை கொட்டுகிறது, நடிகர் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிகிறார். இவ்வளவுதானா? அந்த மனத்துக்குள் சினிமாவால் போக முடியும் என்ற நம்பிக்கையே எனக்குப் போய்விட்டது.

13 ஜூன் 2025, இரவு 10.20

போக முடியும். கண் வழியாகப் போகப் பார்ப்பவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். காது வழியாக உள்ளே போன படங்கள் சில உண்டு. வில்சனைப் பற்றியே ஒன்று இருக்கிறது: பில் போலாட் இயக்கிய 'லவ் அண்ட் மெர்சி', 2014. நாளை விரிவாக எழுதுகிறேன்.

14 ஜூன் 2025, மாலை 6.40

அந்தப் படத்தில் வில்சன் இரண்டு பேர். 1960-களில் பால் டேனோ, 1980-களில் ஜான் கியூசாக். இருவருக்கும் முகச்சாயல் பொருந்தவே இல்லை, பொருத்துவதற்கு ஒப்பனையில் மெனக்கெடவும் இல்லை. இருவரையும் ஒரே ஆளாக ஆக்குவது ஒலிதான். பின்னணி இசை அமைத்த அட்டிகஸ் ராஸ், பீச் பாய்ஸ் குழுவின் பழைய ஒலிப்பதிவுகளையே துண்டு துண்டாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் படரவிட்டிருக்கிறார். பாதியில் அறுந்த ஒரு குரல், அதன் அடியில் வேறு பாட்டின் ஒரு கீற்று, எங்கோ தொலைவில் ஒரு சிரிப்பு. வில்சன் தலைக்குள் இரைச்சல் ஏறும்போதெல்லாம் அவருடைய பாட்டுகளே உடைந்து சிதறி அவர்மேல் வந்து விழுகின்றன. வெளியிலிருந்து ஒரு பயங்கர இசையைக் கொண்டுவந்து கொட்டியிருந்தால் நான் இந்தப் படத்தைப் பற்றி எழுதியிருக்கவே மாட்டேன்.

அடுத்து, 1966-இல் வெளிவந்த 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டின் ஒலிப்பதிவுக் காட்சிகள். அன்றைக்குப் பதிவு நடந்த அதே ஹாலிவுட் ஸ்டுடியோவில், 16 மில்லிமீட்டர் ஃபிலிமில், கேமராவைக் கையில் ஏந்தி எடுத்திருக்கிறார்கள். ஒளிப்பதிவு ராபர்ட் இயோமன். வாசிப்பவர்களும் நிஜ வாத்தியக்காரர்கள். யாரோ ஓரமாக நின்று ஆவணப்படம் எடுத்ததுபோல் இருக்கிறது. பியானோக் கம்பிகளில் ஹேர்பின்களைச் செருகுகிறார் வில்சன். இன்னொரு முறை, இன்னொரு முறை என்று செல்லோக்காரர்களைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிறார். கேமரா ஆடினாலும் மனிதர் ஆடவில்லை. அந்த அறைக்குள் அவர் நோயாளி இல்லை, மேஸ்திரி. எந்தச் செங்கல் எங்கே உட்கார வேண்டும் என்பது அவருக்கு மட்டும் தெரிகிறது.

அறையைவிட்டு வெளியே வந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. ஒரு விருந்து. மேசையைச் சுற்றி ஆட்கள். கத்தியும் முள்கரண்டியும் தட்டில் படும் சத்தம் முதலில் சாதாரணமாக இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அது ஏறுகிறது, பேச்சு அமுங்குகிறது, கடைசியில் உலோகச் சத்தம் மட்டுமே மிஞ்சி அவரைத் துரத்துகிறது. படத்தில் நிறையப் பேர் புகழ்ந்த காட்சி இது. எனக்கு மட்டும் இது கொஞ்சம் மிகை என்று படுகிறது. சத்தத்தைக் கூட்டினால் பதற்றம் வரும் என்பது யாருக்கும் தெரிந்த வித்தைதானே.

17 ஜூன் 2025

ஒரு சின்னச் சேர்க்கை. வில்சனுக்கு வலது காது ஏறக்குறையக் கேட்காது. ஆகவே 'பெட் சவுண்ட்ஸ்' முழுவதையும் மோனோவில்தான், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும்படிதான், கலந்தார். இரு காதுக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் முழு ஸ்டீரியோ வடிவம் வர 1990-கள் ஆயின. நேற்று இரவு வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மோனோப் பதிவைக் கேட்டேன். ஒன்றும் குறையவில்லை. பிறகு அதே பஞ்சுடன் வேறு ஒரு ஸ்டீரியோப் பாட்டைப் போட்டேன். பாதி வாத்தியங்கள் ஊருக்குப் போய்விட்டன. உலகத்தை ஒரே புள்ளியில் குவித்துக் கேட்ட மனிதர் அவர் என்பது அப்போதுதான் உறைத்தது.

21 ஜூன் 2025, இரவு 11.50

இதை எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் அண்ணன் திருச்சியில் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். கல்யாணம், கோயில் திருவிழா என்று மாதத்துக்குப் பதினைந்து இரவு மேடையில் இருப்பார். இருபத்தொன்பது வயதில் அவருக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். தாளம் பிசகுகிறது என்று குழுவில் கோபப்பட்டார்கள். நாங்களும் தூக்கம் போதவில்லை என்றுதான் நினைத்தோம். முதலில் அழைத்துப்போன மருத்துவமனையில் 'குரல் கேட்கிறதா' என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். எழுதிக்கொண்டார்கள். என்ன கேட்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்னொரு மருத்துவரிடம் போன பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. அன்றைக்கு அவர் முக்கால் மணி நேரம் பேசினார். மாத்திரை சாப்பிட்டுவருகிறார். பல ஆண்டுகளாகக் குரல்கள் தணிந்திருக்கின்றன. வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறார்.

இன்று மாலை அவருடன் உட்கார்ந்து 'லவ் அண்ட் மெர்சி' பார்த்தேன். பாதியில் எழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். எழவில்லை. மிரட்டும் குரல்கள் வரும் இடத்தில் மட்டும் ஒன்று சொன்னார்: "இவ்வளவு கத்தாது. பக்கத்து அறையில் நாலு பேர் என்னைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சு புரியாது. என் பெயர் மட்டும் புரியும்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதன்பிறகு படம் ஓடவில்லை.

22 ஜூன் 2025

நேற்றுச் சொன்னதை வைத்துப் படம் பொய் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். தன்னைத் திட்டும், மிரட்டும் குரல்களைப் பற்றி வில்சனே பல பேட்டிகளில் பேசியிருக்கிறார். அவர் கேட்டது வேறு, அண்ணன் கேட்டது வேறு. ஆளுக்கு ஆள் குரல் வேறு என்பதைத்தான் பெரும்பாலான படங்கள் மறந்துவிடுகின்றன. எல்லோருக்கும் ஒரே கிசுகிசுப்பு, ஒரே எதிரொலி.

24 ஜூன் 2025, இரவு 9.05

'ஷைன்' பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். 1996, ஸ்காட் ஹிக்ஸ் இயக்கம், ஆஸ்திரேலியப் பியானோ கலைஞர் டேவிட் ஹெல்ஃப்காட்டின் கதை. பெரியவரான டேவிடாக நடித்த ஜெஃப்ரி ரஷ்ஷுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் நான் சொல்லப்போகும் காட்சியில் இருப்பவர் இளைஞர் டேவிடாக வரும் நோவா டெய்லர்.

லண்டன் ராயல் இசைக் கல்லூரி. ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் மூன்றாம் பியானோ கச்சேரி இசை. வாசிப்பு உச்சத்தில் இருக்கும்போது இசை சட்டென்று விலகிவிடுகிறது. விரல்கள் கட்டைகளில் மோதும் மொட்டை ஓசையும் இதயத் துடிப்பும் மட்டும் கேட்கின்றன. அரங்கம் முழுவதும் இசையில் மூழ்கியிருக்கிறது. வாசிப்பவனுக்கு மட்டும் அது இல்லை. மேடையில் உட்கார்ந்த யாருக்கும் அந்தக் கணம் ஓரளவு தெரியும். கை தன் பாட்டுக்கு ஓடும், காது எங்கோ போயிருக்கும். அந்த ஒரு நிமிடம் சினிமா செய்த பெரிய காரியங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் மனத்தாங்கல் அதற்கு அடுத்த நொடியில். வாசித்து முடித்ததும் சரிந்து விழுகிறார், கண்ணாடி கழன்றுபோகிறது. அந்த இசைதான் அவரை உடைத்தது என்று படத்தொகுப்பு சொல்லிவிடுகிறது. ஒரு மனிதனுடைய நோய்க்கு ஒரு பாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது எங்கள் உறவினர் ஒருவர் "ராத்திரி ராத்திரியாகப் பாட்டு பாட்டு என்று அலைந்தால் வேறென்ன ஆகும்" என்றார். அதே பேச்சுதான் இதுவும். அந்தப் பேச்சை நம்பி ஐந்து மாதம் அவருடைய கீபோர்டைப் பரணில் ஏற்றி வைத்தோம். அந்த ஐந்து மாதமும் அவர் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் விரலால் வாசித்துக்கொண்டிருந்தார்.

24 ஜூன் 2025, இரவு 9.30

படத்தில் வரும் தந்தையின் சித்திரம் உண்மைக்குப் புறம்பானது என்று டேவிடின் அக்கா மார்கரெட் எதிர்த்து ஒரு புத்தகமே எழுதினார். மறந்துவிட்டேன், சேர்த்துக்கொள்ளுங்கள்.

29 ஜூன் 2025

"படம் முழுவதும் இருட்டு, முகமே தெரியவில்லை, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று 'பேர்ட்' பார்த்த ஒருவர் கேட்கிறார். 1988, கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கம். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கராக ஃபாரஸ்ட் விட்டேக்கர்.

இருட்டை விடுங்கள், கேளுங்கள். பார்க்கரின் பழைய பதிவுகளிலிருந்து அவருடைய சாக்ஸபோனை மட்டும் பிரித்தெடுத்து, மற்ற வாத்தியங்களை நீக்கிவிட்டு, புதிய கலைஞர்களை அதனுடன் வாசிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். லென்னி நீஹாஸின் மேற்பார்வை. ஒலிக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குத்தான். 1955-இல் 34 வயதில் இறந்துபோனவர், 1988-இல் உயிரோடு இருப்பவர்களுடன் சேர்ந்து வாசிக்கிறார். அவருடைய மூச்சு பழையது, சுற்றியிருக்கும் காற்று புதியது. யாரோடும் ஒட்டாமல் தனியாக நிற்கும் ஒரு ஆளின் தனிமையை இதைவிட எப்படிக் கேட்க வைப்பது? இது திட்டமிட்டு வந்ததா, தொழில்நுட்பத் தேவையில் தானாக விளைந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. காதில் விழுகிறது, அது போதும்.

இன்னொன்று, பறக்கும் சிம்பல், அதாவது டிரம்முடன் தட்டும் உலோகத் தாளத் தட்டு. பதின்ம வயதில் பார்க்கர் கான்சாஸ் சிட்டியில் வாசித்துத் தடுமாறியபோது, டிரம்மர் ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தார். ஜாஸ் உலகில் எல்லோரும் சொல்லும் கதை. படத்தில் அந்தச் சிம்பல் திரும்பத் திரும்ப, மெதுவாகச் சுழன்றபடி காற்றில் போகிறது. கைதட்டல் நடுவே, படுக்கையில், எங்கும். அவமானம் அப்படித்தான் வரும். நாள் பார்த்து வராது.

3 ஜூலை 2025

'ரே' (2004) எனக்குப் பிடிக்கவில்லை. அது சொல்லும் கதை அமெரிக்கப் பாடகர் ரே சார்லஸுடையது. அவர் பார்வையற்றவர். அவருடைய குற்ற உணர்வைக் காட்டத் தரையெல்லாம் தண்ணீர், பெட்டிக்குள் கையை விட்டால் தண்ணீர். தம்பி மூழ்கி இறந்த நினைவு என்று புரிகிறது. ஆனால் பார்வையற்றவரின் மனத்துக்குள் போக எதற்குக் காட்சி? அங்கேதானே ஒலி நிற்க வேண்டும்? பெரிய வாய்ப்பு வீணாகிவிட்டது.

4 ஜூலை 2025, காலை 6.10

நேற்று எழுதியது தவறு. தூக்கம் வராமல் யோசித்தபோது பிடிபட்டது. ரே பிறவியிலேயே பார்வையற்றவர் இல்லை. பார்வை முழுவதும் போனது ஏழு வயதில். தம்பி ஜார்ஜ் துணி துவைக்கும் தொட்டியில் மூழ்கியது அதற்கு முன்பு. அதைப் பார்த்த கண் அப்போது பார்வையுள்ள கண். அவர் வாழ்நாளில் பார்த்த கொஞ்ச நஞ்சக் காட்சிகளில் அது ஒன்று, பிறகு வேறு எந்தக் காட்சியும் வந்து அதை மூடவில்லை. அப்படியென்றால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியத்தான் வேண்டும். படம் சரியாகத்தான் செய்திருக்கிறது. நான்தான் 'காது வழி' என்ற என் கட்சியைக் காப்பாற்றப் பார்த்தேன்.

12 ஜூலை 2025

மனக்குலைவு என்ற சொல்லுக்குள் கனடாப் பியானோ கலைஞர் க்ளென் கூல்டை அடைக்க எனக்கு விருப்பமில்லை. கோடையில் கோட்டும் கையுறையும், மாத்திரைக் குவியல், தொலைபேசியிலேயே நட்பு, 1964-க்குப் பிறகு மேடையே ஏறாத பிடிவாதம். விசித்திரமானவர், சரி. அதற்கு மேல் பெயர்சூட்ட நாம் யார்?

பிரான்சுவா ஜிரார் 1993-இல் எடுத்த படம் பெயர்சூட்டவே இல்லை. கூல்டைப் பற்றி 32 குறும்படங்கள், அவ்வளவுதான். ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் 'கோல்ட்பெர்க்' படைப்பில் 30 மாறுபாடுகளும், முதலிலும் கடைசியிலும் ஒருமுறை வரும் மூல மெட்டும் சேர்ந்து 32 என்பதால் அந்தக் கணக்கு. கூல்டாக வரும் கோம் ஃபியோர் பியானோ வாசிப்பதை ஒருமுறைகூடக் காட்டவில்லை. எவ்வளவு துணிச்சல்!

அதில் லாரி ஓட்டுநர்கள் சாப்பிடும் ஒரு சாலையோரக் கடை வரும். கூல்ட் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு மேசையில் ஒருவர் பேசுகிறார். அந்தப் பேச்சு மங்காமலே அடுத்த மேசைப் பேச்சு நுழைகிறது, பிறகு மூன்றாவது. ஒன்று தணியும்போது மற்றொன்று எழுகிறது. கொஞ்ச நேரத்தில் பேச்சின் பொருள் நழுவி, பாஹின் ஃபியூக் என்ற பலகுரல் இசையில் குரல்கள் பின்னிக்கொள்வதுபோல் ஆகிவிடுகிறது. இது இயக்குநரின் கற்பனை மட்டுமில்லை. 1967-இல் கனடா வானொலிக்காக கனடாவின் வடபகுதியைப் பற்றிச் செய்த நிகழ்ச்சியில் கூல்டே மனிதக் குரல்களை இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினார். அவருடைய முறையாலேயே அவரைக் காட்டியிருக்கிறார்கள்.

இதைப் பார்த்தபோது அண்ணன் சொன்ன அந்த அடுத்த அறை நாலு பேர் ஞாபகம் வந்தது. அதே ஏற்பாடு. பல குரல், பொருள் பிடிபடாத பேச்சு. கூல்டுக்கு அது இன்பம், அண்ணனுக்கு வேதனை. ஒலியில் வித்தியாசமே இல்லை. கூல்ட் தானாகப் போய் உட்கார்ந்தார், நினைத்தபோது எழுந்து போகலாம்.

20 ஜூலை 2025

'அமதேயுஸ்' ஏன் இல்லை என்கிறீர்கள். இல்லாமல் என்ன? மிலோஸ் ஃபோர்மன், 1984. மரணப் படுக்கையில் இசையமைப்பாளர் மொஸார்ட் சொல்லச் சொல்ல, அவர்மேல் பொறாமை கொண்ட இசையமைப்பாளர் சாலியேரி எழுதும் காட்சி வரலாற்றில் நடக்காதது. ஆனால் இசை ஒரு தலைக்குள் எப்படிக் கூடுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி நான் பார்த்ததில்லை. ஆண் குரல் தனியாக, ஊதுகருவி தனியாக, முரசு தனியாக, கம்பி வாத்தியம் தனியாக நம் காதுக்கு வருகின்றன. பிறகு எல்லாம் ஒன்றாகச் சேரும்போது நமக்கும் அது புரிந்துவிடுகிறது. உடம்பு செத்துக்கொண்டிருக்கிறது, மனம் பளிங்குபோல் இருக்கிறது. நோயையும் இசையையும் தனித்தனியாக வைத்ததால்தான் அந்தக் காட்சி நிற்கிறது.

2 ஆகஸ்ட் 2025, இரவு 10.45

ஜூன் 14 அன்று எழுதியதைத் திருத்த வேண்டும். அந்த முள்கரண்டிக் காட்சி.

இன்று காலை அம்மா இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தார். நானும் அண்ணனும் கூடத்தில் இருந்தோம். கிரைண்டர் சத்தத்தில் எனக்கு அண்ணன் பேசியது கேட்கவில்லை, என்ன என்றேன். அம்மா கிரைண்டரை நிறுத்திய பிறகு, அண்ணன் சாதாரணமாக, பருவமழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்: "அந்த நாளில் இதுதான் ஆரம்பம். கிரைண்டர் ஓடினால் அவர்கள் பேசுவார்கள். நிறுத்தினால் நிறுத்திவிடுவார்கள். குழாயைத் திறந்தாலும் அப்படித்தான்."

நிஜமான ஒரு சத்தத்தைப் பற்றிக்கொண்டு குரல் வரும். அந்தச் சத்தம் நின்றால் குரலும் நிற்கும். இத்தனை ஆண்டுகளில் இது எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் அவர் ஏன் அம்மாவிடம் அரைக்காதே, அரைக்காதே என்று சண்டை போட்டார் என்பது இன்றுதான் புரிந்தது. கடையில் மாவு வாங்கினால் என்ன என்று கத்துவார். மாவு புளிப்பதில் ஏதோ குறை காண்கிறார் என்று அம்மா அழுதிருக்கிறார்.

ஆகவே அந்த விருந்துக் காட்சி மிகை இல்லை. போலாட் சத்தத்தைக் கூட்டியது பதற்றம் வரவழைக்க என்று நினைத்தேன். மேசையில் கிடக்கும் ஒரு நிஜச் சத்தத்திலிருந்துதான் அந்தத் தாக்குதல் தொடங்க வேண்டும் என்பதை அந்தப் படக்குழு கண்டுபிடித்திருக்கிறது. யாரிடமோ உட்கார்ந்து 'என்ன கேட்கிறது' என்று கேட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதலில் கேள்வி எழுப்பிய வாசகருக்கு என் பதில் இதுதான். கேமராவை ஆட்டுகிறவர்கள் கேட்காதவர்கள்.

3 ஆகஸ்ட் 2025

"அப்படியானால் நாய்க் குரைப்பையும் பாட்டாகக் கேட்ட காதுதானே முள்கரண்டியையும் பயங்கரமாகக் கேட்டது, நோய்தான் மேதைமை என்று ஆகாதா?" என்ற கேள்விக்கு.

ஆகாது. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். காது ஒன்றாக இருக்கலாம். 'பெட் சவுண்ட்ஸ்' முடியும்போது வில்சனின் நாய்கள் குரைக்கின்றன, ரயில் போகிறது. அது அவர் தேர்ந்து வைத்தது. அடுத்து ஆரம்பித்த 'ஸ்மைல்' இசைத்தட்டு 1967-இல் பாதியில் நின்றது, அவர் அதை முடித்து வெளியிட்டது 2004-இல். நடுவில் 37 ஆண்டுகள். நோய் பாட்டைக் கொடுக்கவில்லை, பாட்டை 37 ஆண்டு தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒருநாள் நெருப்பைப் பற்றிய இசையை, வாத்தியக்காரர்களுக்குப் பொம்மைத் தீயணைப்புத் தொப்பி போட்டுவிட்டுப் பதிவு செய்தார். பக்கத்தில் எங்கோ தீப்பிடித்ததும் தன் இசைதான் பற்றவைத்தது என்று பயந்து அதை ஒதுக்கிவைத்தார். அந்தப் பயம் ஒரு சுரத்தையாவது கூட்டியதா? நின்றுபோனதுதான் மிச்சம். படத்தில் 1980-களின் பகுதியில் ஏறக்குறைய இசையே இல்லாமல், மருந்தில் மழுங்கிய, ஒரு மனோதத்துவ நிபுணரின் பிடியில் சிக்கிய மனிதரைக் காட்டுவது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். யூஜீன் லாண்டி என்ற அந்த நிபுணரை விலக்க 1992-இல் நீதிமன்ற ஆணை தேவைப்பட்டது.

10 ஆகஸ்ட் 2025

நேற்று அண்ணன் தானாகவே அந்தப் படத்தை மறுபடி போட்டார். ஸ்டுடியோக் காட்சிகளை மட்டும். பேஸ் கிட்டார் வாசிக்கும் பெண்மணி வில்சனிடம் ஒரு சந்தேகம் கேட்பார். ஒருவருக்கு டி சுருதியில் எழுதியிருக்கிறீர்கள், மற்றவர்கள் எல்லாம் ஏ மேஜரில் இருக்கிறோம், இது எப்படிச் சேரும் என்று. தன் தலைக்குள் சேர்கிறது என்பார் வில்சன். அண்ணன் அங்கே நிறுத்திவிட்டு எழுந்து கீபோர்டுக்குப் போனார்.

இடது கையில் டி. வலது கையில் ஏ மேஜர். கடிக்கும் என்று எதிர்பார்த்தேன். முதலில் நெருக்கமாக வைத்தபோது கொஞ்சம் கடிக்கவும் செய்தது. வலது கையை ஒரு ஸ்தாயி மேலே தூக்கினார். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் மிதந்தன. "சேருகிறதே" என்றார். கால் பெடலை விடாமல் மறுபடி அழுத்தினார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்து நின்றார். எட்டு மணி மாணவன் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை அண்ணன் அதையே வாசித்துக்கொண்டிருந்தார்.